நானே நுழைய முடியாத அறை

எங்கள் கம்பெனியில் அந்த நீதிமன்ற வேலைக்குப் போக யாருக்கும் விருப்பமில்லை. ஓட்டல்கள், வங்கிகள், பள்ளிக்கூடங்கள் என்று கூட்ட அறைகளுக்குத் திரையும் கேமராவும் மைக்கும் பொருத்தித் தருவதுதான் எங்கள் தொழில். நீதிமன்றம் என்றால் எல்லாம் அரபி, சத்தமாகப் பேசக்கூடாது, ஒரு கேபிளை நகர்த்தவும் நாலு பேரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று பயந்தார்கள். எனக்கு அரபி என்றால் யல்லா, கலாஸ், மாஃபி முஷ்கிலா, அதாவது வா, முடிந்தது, பிரச்சினை இல்லை, கூடவே எண்கள். அவ்வளவுதான். ஆனால் ஒரு அறையைப் பார்த்தால் அதில் குரல் எங்கே கெடும், முகம் எங்கே இருட்டாகத் தெரியும் என்பது எனக்கு உடனே தெரிந்துவிடும். அந்த நம்பிக்கையில் மீட்டிங்கில் கையைத் தூக்கினேன்.

அஜ்மானில் எங்கள் ஃபிளாட்டுக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னபோது என் கணவர் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். ஒரு கட்டுமானக் கம்பெனியில் எஸ்டிமேட் போடுகிறவர் அவர். எதிலும் முதலில் ஆபத்தைத்தான் பார்ப்பார். “கோர்ட்ல ஏதாவது தப்பா போச்சுன்னா யாரைக் கேப்பாங்க?” என்றார். என்னைத்தான் கேட்பார்கள் என்றேன். அதுதான் எனக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொல்லவில்லை.

அது வட எமிரேட்டுகளில் ஒன்றில் இருந்த கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம். தொற்றுக்காலத்தில் தொடங்கிய காணொலி விசாரணையை இனி நிரந்தரமாக்குவது என்று முடிவாகியிருந்தது. அதுவரை அவசரத்துக்கு ஒட்டுப்போட்டு ஓட்டியதை முறையாகச் செய்து தர வேண்டும். முதல் நாள் என்னை வாசலில் எதிர்கொண்டவர் ஒரு மொழிபெயர்ப்பாளர். காயல்பட்டினத்துக்காரர். மதரசாவில் ஓதியவர், பிறகு கெய்ரோவில் படித்தவர். தமிழர்கள் வழக்கில் சிக்கினால் அவர்களுடைய பேச்சை நீதிபதிகளுக்கும் நீதிபதிகளின் பேச்சை அவர்களுக்கும் கொண்டுபோவது அவர் வேலை. அன்று எனக்காகவும் அதைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். திருச்சி என்று சொன்னதுமே என்னைத் தங்கச்சி ஆக்கிக்கொண்டார். நானும் அவரை அண்ணே என்று கூப்பிடத் தொடங்கினேன்.

கேன்டீனில் ஒரு சுலைமானி டீ குடிக்கும் நேரத்தில் அவர் எனக்கு அந்த நீதிமன்றத்தை விளக்கிவிட்டார். துபாய், அபுதாபி, ராஸ் அல் கைமா மூன்றுக்கும் சொந்த நீதிமன்றங்கள் உண்டு. மற்ற எமிரேட்டுகள் கூட்டாட்சி நீதிமன்றங்களின் கீழ் வருகின்றன. கீழ்த்தளத்தில் முதல்நிலை நீதிமன்றம். அங்கே தோற்றவர் மாடியேறி இங்கே வருவார். இங்கும் நிறைவில்லை என்றால், சட்டம் இடம் கொடுத்தால், அபுதாபியில் உள்ள உச்ச நீதிமன்றம். மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குள் குற்றம், சிவில், குடும்பம், தொழிலாளர் என்று தனித்தனி அமர்வுகள். அமர்வுக்கு அரபியில் தாயிரா என்று பெயர். ஒரு தாயிராவுக்கு மூன்று நீதிபதிகள். நடுவில் தலைவர், அவருக்கு வலப்பக்கம் மூத்தவர், இடப்பக்கம் இளையவர்.

நான் வேலை செய்யப்போன குற்றவியல் அமர்வின் தலைவர் ஒரு எகிப்துக்காரர்; பிற அரபு நாட்டு நீதிபதிகளை ஒப்பந்தத்தில் அழைத்து வைத்துக்கொள்வது இங்கே வழக்கம். வலப்பக்கத்தவர் இந்த நாட்டுக்காரர், நாற்பதுகளில் இருப்பார், கூர்மையான ஆங்கிலம். இடப்பக்கத்தவர் சூடான்காரர், நெடுநெடுவென்று இருப்பார், எப்போதும் சிரித்த முகம். அவருக்கு மலைக்கு அந்தப் பக்கம், கிழக்குக் கடற்கரை ஊர் ஒன்றின் நீதிமன்றத்திலும் பொறுப்பு இருந்தது. வாரத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. மலைச்சாலையில் போகிறதும் வருகிறதுமாகவே இருந்தார். அவர் அங்கிருந்தபடியே இந்த அமர்வில் உட்கார முடியும் என்றால் எவ்வளவோ நேரம் மிஞ்சும். எங்களை அழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் ஒத்திகையிலேயே ஒரு சிக்கல். யார் பேசுகிறாரோ அவர் முகம் திரையில் பெரிதாகும், மற்றவர்கள் ஓரத்தில் சிறிதாவார்கள். ஓட்டல்களிலும் வங்கிகளிலும் அதைத்தான் விரும்பிக் கேட்பார்கள். இங்கே தலைவர் ஒரு கேள்வி கேட்டதும் அவர் முகம் திரை முழுக்க விரிந்தது. மற்ற இருவரும் தபால்தலை அளவுக்குச் சுருங்கினார்கள். தலைவர் பேச்சை நிறுத்தித் திரையைப் பார்த்தார். அவருக்கு அறுபதுக்கு மேல் வயது, தாழ்ந்த குரல். அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொன்னார். கேள்வி கேட்பது நான்தான், ஆனால் தீர்ப்பு சொல்வது மூன்று பேர். எதிரே நிற்கிறவன் மூன்று பேரையும் ஒரே அளவில் பார்க்க வேண்டும், ஒழுங்கும் மாறக்கூடாது.

நியாயமாகப் பட்டது. அந்த மென்பொருளில் அப்படி ஒரு வசதி நேரடியாக இல்லை. ஆனாலும் மறுநாளே செய்து காட்டினேன். யார் முதலில் இணைந்தாலும் யார் பேசினாலும் தலைவர் நடுவில், மூத்தவர் வலப்பக்கம், இளையவர் இடப்பக்கம், மூவரும் ஒரே அளவு. சூடான் நீதிபதி மலைக்கு அப்பால் தன் மேசையிலிருந்து கையசைத்தார். “கலாஸ்?” என்று கேட்டேன். வேலைத்தளங்களில் புழங்கும் அந்த வார்த்தையை நீதிபதிகள் முன் சொல்லியிருக்கக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. தலைவர் சிரித்துவிட்டார்.

அடுத்ததுதான் பெரிய விஷயம். விசாரணை முடிந்ததும் மூன்று நீதிபதிகளும் தனியாகப் பேசி முடிவெடுக்க வேண்டும். அதற்கு முதாவலா என்று பெயர். வழக்கைக் கேட்ட அந்த மூவரைத் தவிர வேறு யாரும் அங்கே இருக்கக்கூடாது என்பது சட்டம். எழுத்தர் கிடையாது, மொழிபெயர்ப்பாளர் கிடையாது, டீ கொண்டுவருகிறவர்கூடக் கதவைத் தட்ட மாட்டார். தலைவர் முதலில் இளையவரின் கருத்தைக் கேட்பார், பிறகு மூத்தவர், கடைசியில்தான் தன்னுடையதைச் சொல்வார். பெரியவர் சொன்னதற்குத் தலையாட்டிவிடாமல் இருக்கத்தான் அப்படி. பெரும்பான்மை எதுவோ அது தீர்ப்பு. யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது வெளியே யாருக்கும் தெரியாது.

அதற்காகக் காணொலியில் ஒரு தனி அறையை உருவாக்கியிருந்தேன். மூவரும் ஒரு பொத்தானை அழுத்தினால் விசாரணையிலிருந்து விலகி அதற்குள் போய்விடலாம். அழகாக வேலை செய்தது. நான் விளக்கி முடித்ததும் தலைவர் ஏதோ கேட்டார்.

“தங்கச்சி, இந்த அறைக்குள்ள யாரெல்லாம் வர முடியும்னு கேக்குறாங்க” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“மூணு நீதிபதிகளும்தான்.”

அவர் அதைச் சொன்னார். தலைவர் மறுபடியும் கேட்டார்.

“அவங்க மூணு பேரும் வரலாம்னு அவங்களுக்கே தெரியும். வேற யாரு வர முடியும்?”

ஒரு கணம் யோசித்தேன். அந்த முழு அமைப்பையும் நடத்தும் உரிமை என் கணக்கில் இருந்தது. எந்த அறைக்குள்ளும் நான் போகலாம், யாருக்கும் தெரியாமலேகூடப் போகலாம்.

“நான் வர முடியும்” என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். “அப்படியே சொல்லவா?”

“அப்படியே சொல்லுங்கண்ணே.”

அவர் சொன்னதும் தலைவர் கோபப்படவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். அப்படியானால் இது முதாவலா அறை இல்லை என்றார். எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார்.

எங்கள் மேனேஜர் ஒரு லெபனான்காரர். விற்பனையிலிருந்து வந்தவர், எதையும் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று நம்புகிறவர். நான் சொன்னதைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். அப்படியா பதில் சொல்வது, அங்கீகரிக்கப்பட்ட ஊழியர் மட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும் என்றார். அந்த அங்கீகரிக்கப்பட்ட ஊழியர் நான்தான் என்றேன். அதுதான் ஆபத்தே இல்லையே, நீயா போய் ஒட்டுக் கேட்கப்போகிறாய் என்றார். நான் கேட்க மாட்டேன். ஆனால் எனக்குப் பிறகு இந்த நாற்காலியில் உட்காரப்போகிறவரைப் பற்றி நான் எப்படி வாக்குக் கொடுக்க முடியும்?

வேறு வழி இருந்தது. அன்றைக்கே காகிதத்தில் வரைந்துவிட்டேன். முதாவலாவை இந்த அமைப்பிலிருந்து முழுக்கப் பிரித்துவிட வேண்டும். இங்கே நீதிபதிகளின் அறையில் ஒரு கருவி, மலைக்கு அப்பால் ஒரு கருவி. இரண்டும் ஒன்றோடொன்று மட்டும் பேசும். திறக்கும் சொல்லை ஒவ்வொரு முறையும் நீதிபதிகளே வைத்துக்கொள்வார்கள். அமைப்பை நடத்தும் உரிமை வேறு யாருக்கும் கிடையாது, வெளியிலிருந்து பார்க்கவும் வழி இல்லை. மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. கெட்டுப்போனால் எங்கிருந்தோ உட்கார்ந்து சரிசெய்ய முடியாது, ஆள் நேரில் போய்த்தான் ஆக வேண்டும். தொலைவிலிருந்தே பழுது பார்ப்போம் என்றுதான் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தோம். நீதிமன்றத்தில் இதைப் பற்றி மூச்சுவிடாதே, நான் பேசிக்கொள்கிறேன் என்றார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். வழக்கமாக அவர் என்னைத் தடுப்பார். அன்று மட்டும், “நீ சொல்றது சரிதானே?” என்றார். “சரிதான்.” “அப்புறம் எதுக்கு என்கிட்ட கேக்குற?” என்று தட்டைக் கழுவ எழுந்துவிட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு மேனேஜரும் வந்தார். கடவுச்சொல், அனுமதி, உறுதிமொழி என்று நன்றாகவே பேசினார். தலைவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, நீ என்ன நினைக்கிறாய் என்று மெதுவான ஆங்கிலத்தில் நேரடியாகக் கேட்டார். மேனேஜர் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார். நான் காகிதத்தை எடுத்து வைத்து, நான்கூட நுழைய முடியாதபடி செய்ய முடியும், அதில் இன்னின்ன சிரமம் உண்டு என்று சொன்னேன். சிரமங்களையும் மறைக்கவில்லை. கெட்டுப்போனால் நான் அஜ்மானிலிருந்து கிளம்பி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதையும் சொன்னேன்.

வலப்பக்கத்து நீதிபதி அந்தப் படத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். கதவைச் செய்யப்போவது நீதான், உன்னிடம் இன்னொரு சாவி இல்லை என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். குத்தலான கேள்விதான், ஆனால் சரியான கேள்வி. என் வார்த்தையை நம்ப வேண்டாம், செய்து முடித்தபின் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொருவரை வைத்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையசைத்தார். திரும்பி வந்து பார்க்கிங்கில் காரை நிறுத்தியதும் மேனேஜர், இனிமேல் நீயே விற்பனைக்கும் போய்விடு என்றார். பாதி கோபம், பாதி சமாதானம்.

கருவிகளைப் பொருத்தினேன். கிழக்குக் கடற்கரைக்கு நானும் பலமுறை அந்த மலைச்சாலையில் போய்வந்தேன். பாறை பாறையாக வெந்து கிடக்கும் மலைகளைத் தாண்டியதும் கடல் திடீரென்று எதிரே வரும். சூடான் நீதிபதி ஏன் சலித்துக்கொள்வதே இல்லை என்பது எனக்குப் புரிந்தது. பரிசோதிக்க வந்தவர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டுக் குறையொன்றும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். அமர்வு நடக்கத் தொடங்கியது. எல்லாம் ஒழுங்காகவே போய்க்கொண்டிருந்தது.

அப்படியிருக்கும்போது ஒரு தமிழரின் வழக்கு வந்தது. ராமநாதபுரம் பக்கத்துக்காரர், பிக்கப் ஓட்டுநர். சாலையைக் கடந்த ஒருவர் அவர் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டார். கீழ் நீதிமன்றம் சிறைத் தண்டனை கொடுத்திருந்தது. ஜாமீனில் இருந்ததால் மேல்முறையீட்டு விசாரணைக்குத் தன் ரூமிலிருந்து போனிலேயே வந்தார். பின்னால் கயிற்றில் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. ரூம்காரர் ஒருவரின் கை மட்டும் அவர் தோளில் தெரிந்தது. ஒலி சரியாக வருகிறதா என்று பார்க்க நான் ஹாலின் பின்புறம் இருந்தேன். அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் மொழிபெயர்ப்பாளர் அரபியில் சொன்னார். தலைவர் அவரை அவசரப்படுத்தவில்லை. நீ பார்த்தபோது அந்த மனிதர் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்பதையே வேறு வேறு விதமாகக் கேட்டார். பிறகு தீர்ப்பு அடுத்த அமர்வு நாளில் என்று அறிவித்தார்கள். அன்றைய வழக்குகள் எல்லாம் முடிந்து ஹால் காலியானபின் நீதிபதிகள் உள்ளே போனார்கள்.

அன்று பிற்பகல் மொழிபெயர்ப்பாளர் என்னைக் கேன்டீனில் பிடித்தார். அந்த ஓட்டுநர் அவருக்கு உறவில்லை, ஊரும் வேறு. ஆனால் ஒருவனுடைய பயத்தை நாள் முழுக்கத் தன் வாயால் சொன்னவருக்கு அது கொஞ்சம் ஒட்டிக்கொள்ளத்தானே செய்யும்?

“பய சாப்பிடக்கூட இல்லையாம்” என்றார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார், “உள்ள ரொம்ப நேரம் இருந்தாங்களோ தங்கச்சி?”

நான் வாயைத் திறந்துவிட்டேன். ஏனென்றால் எனக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் பேசியது எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் கருவி இயங்கும்போது என் கணினித் திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். மின்சாரம் இருக்கிறதா, இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க நான் வைத்துக்கொண்டது. வழக்குகளை வரிசைப்படி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கருவியைத் தனியாகத் திறந்து மூடுவார்கள். அன்று மற்ற வழக்குகளுக்கெல்லாம் சட்டென்று அணைந்த புள்ளி அந்த வழக்குக்கு மட்டும் வெகுநேரம் எரிந்துகொண்டிருந்தது. ஒருமித்த முடிவாக இருந்தால் இவ்வளவு நேரம் ஆகாது என்று நானே மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். யாரோ ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை, அப்படியானால் ஓட்டுநருக்கு நம்பிக்கை இருக்கிறது என்பதுவரை போயிருந்தேன். கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாமலே நான் கதவில் காதை வைத்திருந்தேன்.

“அதை நான் சொல்லக்கூடாதுண்ணே” என்றேன்.

அவர் முகம் சட்டென்று மாறியது. தான் கேட்டது என்னவென்று அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. “ஆமா, நானும் கேட்டிருக்கக் கூடாது” என்றார். இருவரும் டீயைக் குடித்தோம். அதன்பிறகு அந்த வழக்கைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

மறுநாள் காலை தலைவரைப் பார்க்க அனுமதி கேட்டேன். இதற்கு மட்டும் மொழிபெயர்ப்பாளரை அழைக்கவில்லை. வலப்பக்கத்து நீதிபதி கூட இருந்தார், என் ஆங்கிலத்தை அவரே அரபியில் சொன்னார். பச்சைப் புள்ளியைப் பற்றிச் சொன்னேன். பரிசோதித்தவர் அதைப் பார்த்தார், ஆனால் குறையாக எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. ஒலியும் படமும் வெளியே வராவிட்டால் போதும் என்று நினைத்திருந்தோம். எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதே ஒரு செய்தி என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. இன்றே எடுத்துவிடுகிறேன் என்றேன்.

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தார். “நாங்கள் உள்ளே எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதும் எங்களுடையதுதான்” என்றார். பிறகு, இதை நீ வந்து சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது என்றார். நன்றி என்ற சொல்லைச் சொல்லவில்லை. ஒரு தட்டில் இருந்த பேரீச்சம்பழங்களை என் பக்கம் தள்ளினார். வலப்பக்கத்து நீதிபதிதான் விடவில்லை. புள்ளி இல்லாமல் கருவி பழுதானால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். தெரியாது, நீங்கள்தான் போன் செய்ய வேண்டும் என்றேன். முதல்முறையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

புள்ளியை எடுத்துவிட்டேன். ஒருமுறை கருவி நடுவில் நின்றும் போனது. போன் வந்தது, நான் போனேன். நீதிபதிகள் அறையைவிட்டு வெளியே வந்து வராந்தாவில் நின்றார்கள். நான் உள்ளே போய்ச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தேன், அவர்கள் உள்ளே போனார்கள். மேனேஜர் பயந்த பேரிடர் அவ்வளவுதான். பிறகு அதே ஏற்பாட்டைக் குடும்ப அமர்வும் சிவில் அமர்வும் கேட்டபோது, ‘நாங்களே நுழைய முடியாதபடி செய்து தருகிறோம்’ என்று மேனேஜர் பெருமையோடு பேசியதை என் காதால் கேட்டேன்.

ஓட்டுநரின் தீர்ப்பு சொன்ன நாளிலும் நான் ஹாலில் இருந்தேன். சிறைத் தண்டனை நீக்கப்பட்டது. விபத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்ற பகுதி அப்படியே நின்றது. தலைவர் வாசித்தார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. திரையில் ஓட்டுநர் புரியாமல், “அப்ப உள்ள போக வேணாமா சார்?” என்று கேட்டார். போக வேண்டாம் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் போன் கைதவறி விழுந்து, திரையில் ரூமின் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று நீதிபதிகளும் ஒரே அளவில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் புள்ளியை எடுத்தபிறகு தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை.

இதில் நான் எதிர்பார்க்காதது ஒன்றும் நடந்தது. யாருக்காக அந்தக் கருவியை முக்கியமாக வைத்தோமோ, அந்தச் சூடான் நீதிபதி அவ்வப்போது மலையைத் தாண்டி நேரிலேயே வந்துகொண்டிருந்தார். ஒருநாள் படியில் எதிர்ப்பட்டபோது, கருவியில் ஏதாவது குறையா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். இல்லை இல்லை, மிக நன்றாக இருக்கிறது, ஆனால் கஷ்டமான வழக்கு என்றால் மற்ற இருவரோடும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்போல இருக்கிறது, உன் கருவியில் பெருமூச்சு கேட்பதில்லை என்றார். எனக்கு வருத்தமாக இல்லை. ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொல்லியே விட்டேன்.

“சார், உங்கள் கார் வாசலில் நின்றால் அன்றைக்குக் கஷ்டமான வழக்கு என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுமே.”

அவர் படியிலேயே நின்றுவிட்டார். பிறகு அந்த உயரமான உடம்பு குலுங்கச் சிரித்தார். அடுத்த மாதத்திலிருந்து, வழக்கு சுலபமோ கஷ்டமோ, வாரம் ஒருநாள் தவறாமல் வந்தார். எந்த வழக்குக்காக வருகிறார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இரண்டு கோடைகள் கழித்துத் தலைவரின் பணிக்காலம் முடிந்து அவர் கெய்ரோவுக்குத் திரும்பினார். இங்கே ஒப்பந்தத்தில் வரும் நீதிபதிகள் அப்படித்தான் வருவார்கள், போவார்கள். விடுமுறை முடிந்து செப்டம்பரில் அமர்வுகளைப் புதிதாக அமைத்தபோது, வலப்பக்கம் இருந்தவர் நடுநாற்காலிக்கு வந்தார். சூடான்காரர் வலப்பக்கம் நகர்ந்தார். இடப்பக்கத்துக்கு ஒரு பெண் நீதிபதி வந்தார், இந்த நாட்டுக்காரர், என்னைவிட வயதில் சிறியவர். திரையில் ஒழுங்கை மாற்றிக்கொடுக்க நான் போயிருந்தேன். முதாவலா கருவியை அவருக்கு விளக்கிச் சொல்லி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, இதற்குள் வேறு யார் வர முடியும் என்பதுதான்.

யாரும் முடியாது என்றேன். நம்பாமல் புதிய தலைவரைப் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னார், “இவர் சொல்வதை நம்ப வேண்டாம். பரிசோதிக்க ஆள் வைப்போம்.”

நான்தான் முதலில் தலையாட்டினேன்.